எடை இறங்காவிட்டாலும் நடக்கலாம்

"தினமும் வாக்கிங் போறேன், ஒரு கிலோகூட குறையலை" என்று அலுத்துக்கொண்டு மூன்றாவது மாதமே நடையை நிறுத்திவிடும் சர்க்கரை நோயாளிகள் ஊருக்கு ஊர் உண்டு. எடை பார்க்கும் இயந்திரத்தை நம்பி எடுக்கும் முடிவு இது. தப்பான முடிவு. உடற்பயிற்சி என்றாலே எடைக்குறைப்பு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலின் பாதிக் கதைதான். மீதிக் கதையில் அழற்சிக்குப் பெரிய இடம் உண்டு. காலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, ஆறிவிடுகிறதே, அது வந்துபோகும் அழற்சி. தொப்பைக் கொழுப்பு சேர்ந்த உடலில் இருப்பது வேறு ரகம். வலிக்காது, காய்ச்சல் வராது, வருடக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப்-ஆல்பா என்ற அழற்சிப் புரதம் அதிகமாக உருவாவதை 1993-ல் ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழு கண்டது. அதை முடக்கியதும் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. உடல் பருக்கப் பருக்க, கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜ் என்னும் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாகக் குடியேறுவது 2003-ல் தெரியவந்தது. கிருமியே இல்லாத இடத்தில் போலீஸ் முகாம்!

இனிமேல்தான் சுவாரஸ்யம். இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு புரதமும் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாகவே இருக்கும். அதனால் அதற்கு வில்லன் பட்டம். ஆனால் உழைக்கும் தசையே அதை ரத்தத்தில் விடுகிறது என்று கோபன்ஹேகனில் பெண்டே பெடர்சன் குழு காட்டியது. எந்நேரமும் கசிவது வேறு, உழைக்கும்போது சட்டென்று ஏறி இறங்குவது வேறு. அப்படி ஏறி இறங்கும்போது அழற்சியை அடக்கும் புரதங்கள் பின்னாலேயே வருகின்றன. 2003-ல் வந்த ஒரு சோதனையில், ஆரோக்கியமானவர்களுக்குச் சிறிதளவு பாக்டீரியா நச்சு ஊசி போட்டதும் டி.என்.எஃப் ஏறியது. சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதே ஊசி போட்டும் ஏறவில்லை. (மூன்று மணி நேரம் மிதித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!)

2019-ல் அதே ஊரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் தெளிவு. தொப்பை உள்ளவர்கள் 12 வாரம் சைக்கிள் மிதித்தார்கள். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறைந்தது. இன்டர்லூக்கின்-6-ன் வேலையை மருந்தால் தடுத்தவர்களுக்கு, அதே பயிற்சி செய்தும் அது குறையவில்லை.

நம் ஊர்ச் சான்றும் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடையும் உணவு மாற்றமும் நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. அவர்களின் எடையோ பெரிதாக இறங்கவில்லை! இதில் அழற்சி தணிந்ததற்கு எவ்வளவு பங்கு, தசை நேரடியாகச் சர்க்கரையை இழுத்துக்கொண்டதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எடை ஒன்றே அளவுகோல் என்ற வாதம் இங்கே நிற்காது. மருத்துவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நடையை விடமாட்டார்கள்.

ஒரு தடவை செய்யும் பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்கும் உதவி இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரையில் ஓடுவது போதாது. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பதும், சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்திருப்பதும் நல்லது.