தாழிட்ட வாயிலும் தகுதிப் பேச்சும்

"அமெரிக்காவைப் பாருங்கள்!"

தகுதி, திறமை என்று தாரை ஊதுவோர் மேடைதோறும் முழங்குகின்ற முழக்கம் இது. அங்கே பிறப்புப் பார்ப்பதில்லையாம், குலம் கேட்பதில்லையாம், அறிவு ஒன்றே அளவுகோலாம்! 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறை செல்லாது என்றது. உடனே இங்குள்ள தகுதிப் பூசாரிகள் தலைகால் புரியாமல் ஆடினர். "பார்த்தீரா, பார்த்தீரா, இடஒதுக்கீடு எனும் கட்டடம் அங்கேயே சரிந்துவிட்டது!" என்று ஆர்ப்பரித்தனர்.

பார்ப்போம், தோழர்களே! அவர்கள் பார்க்கச் சொன்ன அமெரிக்காவையே பார்ப்போம். நீக்ரோ என்று இழிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளை, பிழைப்புத் தேடி வந்த கூலிக்காரரின் மகள், படிப்பறியாத் தாயின் மகன் ஆகியோர் அந்தப் புகழ்மிக்க பல்கலைக்கழகங்களின் வாயிலில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். வெறுங்கையோடு நிற்பவர்களை அல்ல. கல்லூரிப் பாடங்களிலேயே தேறி, சான்றிதழைக் கையில் ஏந்தி நிற்பவர்களைப் பார்ப்போம்.

ஏழைக்கு ஓர் ஏணி

அமெரிக்காவில் முன்கல்லூரி என்றொரு திட்டம் உண்டு. 'ஏர்லி காலேஜ்' என்பது அங்கே அதன் பெயர். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடங்களையும் படிப்பர். பள்ளி முடிக்கும் நாளில் சிலர் கையில் ஓராண்டுக் கல்லூரிப் படிப்பு இருக்கும். சிலர் ஈராண்டுப் பட்டத்தையே பெற்றிருப்பர். அரசுப் பள்ளிகளில் இதற்குக் கல்விக் கட்டணமும் இல்லை.

இளவயதில் கல்லூரி புகுவது புதுமையன்று. மார்ட்டின் லூதர் கிங் 1944-இல் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்து! போரினால் மாணவர் தொகை குறைந்திருந்த காலம். பள்ளியின் கடைசி ஆண்டைக் கடக்காமலே, நுழைவுத் தேர்வில் தேறி உள்ளே வந்தார். அந்தக் கறுப்பினக் கல்லூரி, "உனக்கு வயது போதாது" என்று கதவைச் சாத்தியிருந்தால்? உரிமைப் போரின் வரலாறே சற்று வேறாக இருந்திருக்கும்.

1974-இல் நியூயார்க் நகரில், லகார்டியா சமுதாயக் கல்லூரியின் வளாகத்திலேயே ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதை அமைக்க முன்னின்றவர் ஜேனட் லீபர்மன் என்னும் பேராசிரியை. யாருக்காக? பள்ளியை விட்டு நின்றுவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட பிள்ளைகளுக்காக! கல்லூரியை நாள்தோறும் கண்ணால் கண்டால், அங்கே தமக்கும் இடமுண்டு என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சில் வேரூன்றும் என்பதே நோக்கம். 2001-இல் பார்டு கல்லூரி அதே நகரில் அரசுப் பள்ளியாக ஒரு முன்கல்லூரியைத் திறந்தது. 2002 முதல் நாடெங்கும் இத்திட்டம் பரவிற்று. வட கரோலினாவில் மட்டும் இத்தகைய பள்ளிகள் நூற்றுக்கு மேல்.

பயன் கிட்டியதா? கிட்டியது, கணக்கே இருக்கிறது. சில முன்கல்லூரிகளில் இடத்தைவிட விண்ணப்பம் மிகுதி. ஆகவே நம் உத்திரமேரூர்க் குடவோலை போலக் குலுக்கிப் போட்டுப் பெயரை எடுத்தனர். இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஆய்வாளர் ஒப்பிட்டு 2013-இல் முடிவை வெளியிட்டனர். பள்ளிப் படிப்பை முடித்தோர், முன்கல்லூரியில் நூற்றுக்கு 86, மற்றவரில் 81. கல்லூரியில் சேர்ந்தோர் 80, மற்றவரில் 71. ஆய்வுக் காலத்துக்குள் ஏதேனும் ஒரு கல்லூரிப் பட்டம் பெற்றோர் 22. மற்றவரில் வெறும் 2! குலுக்கலில் வந்த வேறுபாடு இது, குலத்தில் வந்ததன்று. வாய்ப்பைக் கொடுத்தால் வளர்வான் என்று நம் இயக்கம் எத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது! இதோ, எண்ணும் அதையே சொல்கிறது.

வாயிலில் நடப்பது என்ன?

இனி, அந்தப் பெண் ஹார்வர்டுக்கோ யேலுக்கோ விண்ணப்பிக்கிறாள் என்று கொள்வோம்.

ஈராண்டுக் கல்லூரிப் பாடம் முடித்தவள் அவள். ஆயினும், பள்ளிப் படிப்பின் அங்கமாகப் படித்ததால், முதலாண்டு மாணவியாகவே விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த பின்னராவது அந்தப் பாடங்கள் கணக்கில் சேருமா? புகழ்மிக்க தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேரா. "எங்கள் பாடத்தின் ஆழம் வேறு, அடியிலிருந்து தொடங்கு" என்பதே விடை. ஆண்டொன்றுக்கு 80,000 டாலருக்கு மேல் செலவு குறிக்கும் இடத்தில், ஈராண்டு என்பது எத்துணைப் பெருந்தொகை என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

பாடம் கணக்கில் சேராது. ஆனால் மதிப்பெண் மட்டும் மறையாது! பதினைந்து வயதில், இருபது வயதினரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, வேதியியலில் சற்றே குறைவான மதிப்பெண் பெற்றிருப்பாள். கல்லூரி ஏட்டில் பதிந்த அந்த எழுத்து அழியாது. நாளை மருத்துவம் படிக்கவோ, சட்டம் படிக்கவோ விண்ணப்பித்தாலும் அதைக் காட்டியாக வேண்டும். சுமையாகும்போது அது கல்லூரிப் படிப்பு. பயனாகும்போது அது பள்ளிப் படிப்பு! இந்த நியாயத்தை என்னென்பது?

அத்துடன் விட்டார்களா? தன்னைப் பற்றிக் கட்டுரை எழுது என்பர். பள்ளி நேரம் போக என்ன சாதித்தாய் என்பர். படகு வலித்தாயா, வாள்வீச்சு பயின்றாயா, அயல்நாடு சென்று தொண்டு செய்தாயா என்று பார்ப்பர். மாலையில் கடையில் வேலை செய்து, இரவில் தம்பியைத் தூங்கவைத்து, விடியலில் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு ஓடியவள் எந்தப் படகை வலிப்பாள்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லித்தரவே கூலிக்கு ஆளுண்டு. இவளுக்கு வாய்த்த வழிகாட்டும் ஆசிரியரோ, சில நூறு பிள்ளைகளுக்கு ஒருவர்!

பணக்காரன் படித்தபோது...

"பாடத்தின் ஆழம் வேறு என்பது உண்மைதானே?" என்று யாரேனும் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். எல்லாச் சமுதாயக் கல்லூரிகளின் கணிதமும் ஒரே தரம் என்று நாமும் சாதிக்கவில்லை. ஐயமிருந்தால் சோதித்துப் பார்க்கட்டும். தேறினால் மேல் வகுப்பில் அமர்த்தட்டும். தேறாவிட்டால் மீண்டும் படிக்கச் சொல்லட்டும். சோதிக்காமலே தள்ளுவதுதான் தகுதியா?

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1950-களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்னும் மூன்று செல்வர் பள்ளிகளும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் கூடி ஆராய்ந்தன. ஆராய்ச்சியின் கவலை என்ன தெரியுமா? தங்கள் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகள், பல்கலைக்கழகம் சென்று அதே பாடத்தை மறுபடி படிக்க நேர்கிறதே, காலம் வீணாகிறதே என்பதுதான்! அந்தக் கவலையிலிருந்து பிறந்தவற்றுள் ஒன்றுதான் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' எனப்படும் மேல்நிலைத் தேர்வு முறை. 1955 முதல் கல்லூரி வாரியம் அதை நடத்தி வருகிறது.

சீமான் மகன் ஒரே பாடத்தை இருமுறை படித்தால் அது கால விரயம். கூலிக்காரன் மகள் இருமுறை படித்தால் அது தரக் காப்பு. நாக்கு ஒன்று, நியாயம் இரண்டு!

யாருக்கு இடஒதுக்கீடு?

இடஒதுக்கீடே இல்லாத நாடு என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். அதே ஹார்வர்டு வழக்கில் வெளிவந்த ஏடுகளை வைத்துப் பொருளியல் அறிஞர்கள் கணக்கிட்டனர். சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவரில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல், விளையாட்டு வீரர், பழைய மாணவரின் பிள்ளை, தலைமையின் தனிப்பட்டியலில் இடம்பெற்றவர், அங்கே பணிபுரிவோரின் பிள்ளை ஆகிய நான்கு வகையுள் அடங்கியவர்கள்! தந்தை படித்த இடத்தில் மகனுக்கு முன்னுரிமை. இதற்கு நம் ஊரில் என்ன பெயர்? குலத்தொழில்!

2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு, பெரும்புகழ் பெற்ற பன்னிரண்டு பல்கலைக்கழகங்களை ஆராய்ந்தது. நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில், நூற்றில் ஒருவராய் உச்சியில் இருக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைப் போல் இரு மடங்குக்கு மேல் வாய்ப்பு. மதிப்பெண் ஒன்று, மாளிகைதான் வேறு.

"ஏழை உள்ளே வந்தால் கட்டணமில்லையே" என்பர். மெய்தான், செல்வம் கொழிக்கும் பல்கலைக்கழகங்கள் சில அவ்வாறு உதவுகின்றன. அதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளே வந்தவர் யார்? மேல்தட்டில் நூற்றில் ஒருவராயிருக்கும் செல்வரின் பிள்ளைகள், கீழேயுள்ள அறுபது பங்கு மக்களின் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்த கல்லூரிகள் முப்பத்தெட்டு என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. யேலும் பிரின்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உண்டு. விருந்து இலவசம், ஆனால் வாயிற்காவலனோ வேட்டியின் சரிகையைப் பார்த்து விடுகிறான்!

இந்தக் காவலனுக்குப் பழைய வரலாறும் உண்டு. 1922-இல் ஹார்வர்டில் யூத மாணவர் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினர். தேர்வில் அவர்களை வெல்ல முடியவில்லை. தலைவராயிருந்த லாவெல், நூற்றுக்கு 15 என்று வரம்பு கட்ட முனைந்தார். எதிர்ப்பு எழுந்தது. பின்னர் வந்த வழி என்ன? குணநலன் பார்ப்போம் என்றனர், நிழற்படம் கேட்டனர். அறிவில் வென்றவனைக் குணத்தில் தோற்கடித்தனர். தகுதி என்பது அன்றும் அளவுகோலாக இல்லை. ஆள் பார்த்து நீளும், ஆள் பார்த்துக் குறுகும் கயிறாகவே இருந்தது.

திறக்க வைத்தால் திறக்கும்

அந்தக் கதவு திறக்கவே திறக்காதா? திறக்கும். வட கரோலினாவில் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் பாட மாற்றத்துக்கான உடன்பாடு இருக்கிறது. ஆகவே அங்கே முன்கல்லூரியில் படித்த பாடம் கணக்கில் சேருகிறது. அங்கே ஆழம் குறைந்து பல்கலைக்கழகம் மூழ்கிவிடவில்லை! பழைய மாணவரின் பிள்ளைக்கு முன்னுரிமை என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கைவிட்டது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி 2021-இல் கைவிட்டது. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் தனியார் கல்லூரிகளுக்கும் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. மக்கள் கேட்டனர், வாயில் அசைந்தது.

நாமும் அறிந்த பாடம் இது. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு, கிராமத்துப் பிள்ளைக்கு எதிரான மதில் என்று கண்டு, 2006-இல் தமிழகச் சட்டமன்றம் அதை நீக்கச் சட்டம் செய்தது. நீட் என்னும் பெயரில் மதில் மீண்டும் எழுந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கு ஏழரை இடம் என்று 2020-இல் சட்டம் கொண்டுவர நேர்ந்ததே, அந்த மதிலின் உயரத்துக்குச் சான்று.

ஆகவே தோழர்களே, இனி எவரேனும் "அமெரிக்காவைப் பாருங்கள்" என்று மேடையேறினால், "பார்த்துவிட்டோம் ஐயா" என்று எழுந்து சொல்லுங்கள். கல்லூரிப் பாடத்திலேயே தேறி வந்த ஏழை மகளை முதற்படியில் நிறுத்திவிட்டு, தந்தை பெயரைச் சொல்லி வந்தவனைத் தோளில் தூக்கிச் சென்றதைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லுங்கள். ஏணியை நாம் செய்து கொடுத்தால் மட்டும் போதாது. அது சென்று சேரும் வாயிலின் திறவுகோலும் மக்கள் கையில் இருக்க வேண்டும். அதுவரை தகுதி என்னும் சொல்லை எவர் உச்சரித்தாலும், யாருடைய தராசில் நிறுத்த தகுதி என்று கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்!