வில்லன் வேஷம் வாக்குமூலமா?

ஆண்டிபட்டி, தேனி, கம்பம்... இந்தப் பக்கம் டீக்கடையில் எம்.ஆர்.ராதா பேச்சை எடுத்துப் பாருங்கள். பெருசுகள் ஒரே போடாகப் போடும்: "படத்துலயே வில்லன்தானப்பா, நெசத்துல மட்டும் எப்படி இருப்பான்?"

கோபம் புரிகிறது. 1984ல் நியூயார்க் ஆஸ்பத்திரியில் கிடந்த எம்.ஜி.ஆரை, பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயிக்க வைத்த மண் இது. ஆனால் கோபம் வேறு, ஆதாரம் வேறு இல்லையா?

நடந்தது இதுதான். 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். தயாரிப்பாளர் கே.கே.வாசுவோடு ராதா போகிறார். துப்பாக்கி வெடிக்கிறது. இருவருக்கும் குண்டுக் காயம். எம்.ஜி.ஆர்தான் சுட்டார் என்றது ராதா தரப்பு. கோர்ட் அதை நம்பவில்லை. எம்.ஜி.ஆரைச் சுட்டதும், பிறகு தன்னையே சுட்டுக்கொண்டதும் ராதாதான் என்று தீர்ப்பு வந்தது. 7 வருஷம் தண்டனை.

தேர்தல் நேரம் அது. எம்.ஜி.ஆர் பரங்கிமலையில் தி.மு.க. வேட்பாளர். ராதாவோ பெரியாரின் சீடர். பெரியார் அப்போது காமராஜர் பக்கம். உடனே ஆளாளுக்கு ராதாவின் ஜாதகத்தைக் கணிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வில்லன், நாத்திகன், முரடன்... அதனால்தான் சுட்டான்!

சரி, அந்த ஜாதகத்தையே பார்ப்போம். ராதா சின்ன வயதில் அப்பாவை இழந்தவர். எம்.ஜி.ஆரும் அப்படியே. ராதா நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். எம்.ஜி.ஆர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். இருவரும் திராவிட இயக்கத்துக்காரர்கள். இரண்டு பேரேட்டிலும் தொடக்க இருப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்! பின்னணிதான் துப்பாக்கியை எடுக்க வைக்கும் என்றால், ஒருவர் கையில் மட்டும் அது எப்படி வந்தது?

வில்லன் வேஷம்தான் காரணமா? அப்படியென்றால் எம்.ஜி.ஆரிடம் காலமெல்லாம் அடி வாங்கிய நம்பியாரை என்ன சொல்வது? அவர் ஐயப்ப பக்தர், குருசாமி!

நாத்திகமா? ராதாவின் நாடகங்களைத் தடுக்கவே 1954ல் நாடகச் சட்டம் வந்தது என்பார்கள். தடையை மேடையிலேயே எதிர்த்து நின்ற ஆள் அவர். அந்த வாய்க்குத் துப்பாக்கியே தேவைப்படவில்லையே!

எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. 'ரத்தக்கண்ணீர்' தந்த மாபெரும் கலைஞன், அவன் சுட்டிருப்பானா என்று உருகுகிறார்கள். இதுவும் அதே தப்புதான். வேஷம் குற்றத்துக்குச் சாட்சி இல்லை என்றால், கலை நிரபராதத்துக்கும் சாட்சி இல்லை. ராதா சுட்டார் என்று தீர்ந்தது அந்த அறையில் நடந்ததை வைத்து. திரையில் நடந்ததை வைத்து அல்ல.

இன்றைக்கும் எங்காவது ஒருவன் பிடிபட்டால் முதல் கேள்வி என்ன? "எந்த ஊர்க்காரன், என்ன சாதி, எந்தக் கட்சி?" என்ன செய்தான் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில சமயம் வருவதே இல்லை.

ராதா விஷயத்திலாவது ஒரு கோர்ட் சாட்சியைக் கேட்டது. டீக்கடை எப்போது கேட்கப் போகிறது?