நம் கட்சிக்காரர் என்றால் குற்றம் சிறிதாகிவிடுமா?

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்கு வருபவர், கோட்டக்குப்பம் வழியாகத் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்துதான் வர வேண்டும். சாலை ஒன்று, அரசுகள் இரண்டு. அண்ணன் குடும்பத்துக்கு அங்கே ஓட்டு, தங்கை குடும்பத்துக்கு இங்கே ஓட்டு என்று வாழும் வீடுகள் நம்மிடையே உண்டு. கட்சிகளும் கூட்டணிகளும் எல்லைக்கு எல்லை மாறினாலும் ஒரு பழக்கம் மட்டும் மாறுவதில்லை. பாலியல் புகார் எதிர்க்கட்சிக்காரர் மீது வந்தால் உடனே நம்புகிறோம். நாம் ஓட்டுப் போட்ட கட்சிக்காரர் மீது வந்தால் "தேர்தல் நேரத்துச் சதி" என்கிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு என்ன விலை என்பதை கர்நாடகத்தின் ஹாசன் தொகுதி காட்டியது. முன்னாள் பிரதமர் தேவகவுடாவின் பேரன் பிரஜ்வல் ரேவண்ணா, 2019ல் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சார்பில் 1.41 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் அங்கு வென்றவர். அவரைப் பற்றிய வீடியோக்கள் இருப்பதாக எச்சரித்து, 2023 டிசம்பரிலேயே தன் கட்சியின் மாநிலத் தலைமைக்குக் கடிதம் எழுதியதாக பா.ஜ.க. பிரமுகர் ஒருவர் பின்னர் வெளியிட்டார். ஆனாலும் 2024ல் பா.ஜ.க. கூட்டணியின் வேட்பாளராக அவரே நின்றார். ஏப்ரல் 26 வாக்குப்பதிவுக்கு முந்தைய நாட்களில் பென் டிரைவ்கள் ஊரெங்கும் பரவின. வாக்குப்பதிவு முடிந்த கையோடு அவர் ஜெர்மனிக்குச் சென்றார். ஏப்ரல் 30 அன்றுதான் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது.

ஜூன் 4 அன்று 42,649 வாக்குகளில் அவர் தோற்றார். மக்கள் தண்டித்துவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதே தேர்தலில் அவருக்கு 6.3 லட்சம் பேர் வாக்களித்திருந்தார்கள். அவர்களில் பலருக்குப் புகாரின் முழு விவரம் அப்போது தெரிந்திருக்காது. தெரிந்த சிலருக்கோ குடும்பத்தின் மீதும் சாதியின் மீதும் இருந்த விசுவாசம் பெரிதாக இருந்திருக்கும். 2025 ஆகஸ்ட் 2 அன்று, வீட்டு வேலை செய்த பெண்ணை வன்கொடுமை செய்த வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார்.

கர்நாடகத்தைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பொள்ளாச்சி வழக்கில் 2021 ஜனவரியில் சி.பி.ஐ. கைது செய்தவர்களில் ஒருவர் அ.தி.மு.க.வின் நகர மாணவரணிச் செயலாளர். கட்சி அவரை நீக்கியது. மூன்று மாதம் கழித்து நடந்த சட்டமன்றத் தேர்தலில் பொள்ளாச்சியை 1,725 வாக்கு வித்தியாசத்தில் அ.தி.மு.க. தக்கவைத்தது; கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அந்தக் கூட்டணிக்கே கிடைத்தன. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதைச் சாத்தியமாக்கியது எந்தக் கட்சியின் பிரசாரமும் அல்ல. பிறழாமல் சாட்சி சொன்ன பெண்கள்தான்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் தாக்கப்பட்டபோது இடங்கள் மாறின. குற்றவாளி கட்சி உறுப்பினர் அல்ல, தி.மு.க. ஆதரவாளர் மட்டுமே என்று முதல்வர் சட்டமன்றத்தில் விளக்கினார். பொள்ளாச்சிக்காகக் குரல் கொடுத்த பலர் இப்போது அடக்கி வாசித்தார்கள். பொள்ளாச்சியின்போது வாய் திறக்காதவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆட்சி எவருடையதாக இருந்தாலும் அந்தப் பெண்களுக்கு நேர்ந்தது ஒன்றே. இரண்டு வழக்குகளிலும் புகார் கொடுத்தவரின் விவரம் அரசுத் தரப்பிலிருந்தே வெளியே கசிந்தது. இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

மார்க்கப் பற்றுள்ளவர்கள் இப்படி நடக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம், தனிவாழ்வில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று கேட்டது. 2011ல் வெள்ளையின இவாஞ்சலிகல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். டிரம்ப் வேட்பாளராக நின்ற 2016ல் அது 72 சதவீதமானது. ஐந்தாண்டுகளில் அவர்களின் வேதம் மாறவில்லை, வேட்பாளர்தான் மாறியிருந்தார்.

ஆனால் அதே நாட்டின் அலபாமா மாநிலம் வேறொரு வழியையும் காட்டியது. 2017 டிசம்பரில் நடந்த செனட் தேர்தலில், பதின்வயதுப் பெண்களிடம் தவறாக நடந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ராய் மூரை குடியரசுக் கட்சி நிறுத்தியது. அக்கட்சியின் கோட்டையில் அவர் சுமார் 22 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். இரு கட்சி வேட்பாளர்களையும் ஏற்காமல் வேறு பெயரை எழுதிப் போட்டவர்களின் எண்ணிக்கை, அந்த வித்தியாசத்தைவிட அதிகம். தம் கட்சியை விடாமலேயே தம் கட்சிக்காரரை மறுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

நம் சமுதாயத்துக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாம் பெரும்பாலும் யார் வரக் கூடாது என்பதைப் பார்த்துத்தான் வாக்களிக்கிறோம். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நமக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது கட்சிகளுக்கும் தெரியும். அதனால்தான் புகாருக்குள்ளான ஒருவரை நிறுத்தினாலும் ஓட்டு வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். உயர்குடிப் பெண் ஒருவர் திருடியபோது அவருக்காகப் பரிந்து பேச வந்தவரிடம், தம் மகளே ஆனாலும் சட்டம் ஒன்றுதான் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அந்த அளவுகோல் நம் கூட்டணிக்கும் பொருந்த வேண்டாமா?

வாக்குச்சாவடிக்குள் நுழைந்த பிறகு நம் கையில் இருப்பது குறைவு. நோட்டா இருக்கிறது, ஆனால் அது தேர்தல் முடிவை மாற்றுவதில்லை. நம் பேச்சு எடுபடும் காலம், வேட்பாளரை முடிவு செய்யும் நாட்கள். குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால், அவரைத் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் வழக்கு விவரத்தையும் தேர்ந்தெடுத்த காரணத்தையும் கட்சிகள் வெளியிட வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. "வெற்றி வாய்ப்பு" மட்டுமே காரணமாகாது என்றும் 2020 பிப்ரவரியில் அந்நீதிமன்றம் சொன்னது. ஓட்டுக் கேட்டு வீட்டுக்கும் ஜமாஅத்துக்கும் வருபவர்களிடம் அந்த அறிக்கை எங்கே என்று கேட்கலாம். வேட்புமனுவோடு தாக்கலாகும் உறுதிமொழிப் பத்திரத்தையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இன்னொரு கடமை நம் கைபேசியில் இருக்கிறது. ஹாசனில் பென் டிரைவ்களில் பெண்களின் முகம் மறைக்கப்படவில்லை. அவமானம் தாங்காமல் வீட்டை விட்டுப் போன பெண்கள் இருந்தார்கள். அரசியல்வாதியை அம்பலப்படுத்துவதாக நினைத்து வீடியோவைப் பகிர்ந்தவர்களுக்கும் அந்தத் துயரத்தில் பங்குண்டு. நிரூபணமாகாத பழியை ஒருவர் மீது சுமத்துவது நம் மார்க்கத்தில் பெரும்பாவம். எனவே விசாரணை முடியும்வரை தீர்ப்பு வழங்காமல் இருப்போம். ஆனால் விசாரணை நேர்மையாக நடக்க வேண்டும், அது முடியும்வரை அவருக்குப் பதவியும் சீட்டும் தரக் கூடாது என்று கேட்பது பழி சுமத்துவது ஆகாது.

2025 அக்டோபரில், பாலியல் துன்புறுத்தல் புகார்கள் மீது நடவடிக்கை கோரி புதுவைப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தில் மாணவ மாணவியர் போராடினார்கள். போலீசார் பலரைக் கைது செய்தார்கள். நம் பிள்ளைகளும் படிக்கும் இடம் அது. புதுவையில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். நாளை நம் வீட்டுப் பெண் ஒரு புகாரோடு வந்து நிற்கும்போது, எதிரே நிற்பவர் எந்தக் கட்சி என்று பார்த்துவிட்டுத்தான் அவளை நம்புவோமா? அவள் நம்மிடம் வருவதா வேண்டாமா என்பது, இன்று பிறர் வீட்டுப் பெண்ணைப் பற்றி நாம் பேசுவதைக் கேட்டுத்தான் முடிவாகும்.