புலப்பெயருக்கு முன்னொட்டு இனி வேண்டாம்

ஹாஸ்கெல் கற்க வருபவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: ஒரே புலப்பெயரை இரண்டு ரெக்கார்டுகளில் வைக்காதே, ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் டைப்பின் பெயரைச் சேர்த்துவிடு. ஊழியருக்கு ‘எம்ப்ளாயீநேம்’, துறைக்கு ‘டிபார்ட்மென்ட்நேம்’. மொழியின் இயல்பே அப்படித்தான், வேறு வழியில்லை என்கிறார்கள். ஒரு காலத்தில் அது சரி. இன்று சரியில்லை.

டைப்பைக் கம்பைலரே ஊகிக்கும் மொழியில் ஒரு பெயருக்கு இரண்டு இடம் தர முடியாது என்பது அவர்களின் முதல் வாதம். மோதல் வந்தது டைப் ஊகத்தால் அல்ல. ஹாஸ்கெல் 98 ஒவ்வொரு புலப்பெயரையும் மாட்யூல் முழுவதற்கும் பொதுவான ஒரு ஃபங்ஷனாக ஆக்கியது. ஒரே மாட்யூலில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்க முடியாது, அவ்வளவுதான். அது வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவு. டைப்பை ஊகிக்கும் ஓகேமல் 2013-இல் வந்த 4.01 பதிப்பிலிருந்து, சூழலில் தெரியும் டைப்பைக் கொண்டு எந்த ரெக்கார்டின் புலம் என்று தீர்மானிக்கிறது. எல்ம், பியூர்ஸ்கிரிப்ட் இரண்டும் ‘நேம் என்ற புலம் உள்ள எந்த ரெக்கார்டும்’ என்றே டைப்பை ஊகித்துக்கொள்கின்றன.

முன்னொட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் ஜேசான் பக்கம் வந்து பார்க்க வேண்டும். வெளியே அனுப்பும் ஜேசானில் ‘எம்ப்ளாயீநேம்’ என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ‘நேம்’ என்றுதான் வேண்டும். அதனால் ஏசான் நூலகத்தில் புலப்பெயரை மாற்றும் இடத்தில், முதல் 8 எழுத்தை வெட்டு என்று எழுதிவைக்கிறோம். ஆங்கிலத்தில் ‘எம்ப்ளாயீ’க்கு 8 எழுத்து. பிறகு யாரோ டைப்பின் பெயரை ‘ஸ்டாஃப்’ என்று மாற்றுகிறார், புலங்களையும் மாற்றுகிறார், அந்த 8-ஐ மறந்துவிடுகிறார். ‘ஸ்டாஃப்நேம்’ ஆங்கிலத்தில் 9 எழுத்து. வெட்டியபின் மிஞ்சுவது கடைசி ஓர் எழுத்து மட்டும். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. டைப் பிழையைக் கம்பைலரே பிடித்துத் தரும் என்று நம்பி வந்த மொழியில், நாமே எழுத்தெண்ணி ஒரு ஓட்டையைப் போட்டுவைக்கிறோம். இந்தப் பழக்கத்தின் மீது எனக்குள்ள கோபத்துக்கு முதல் காரணம் இதுதான்.

ரெக்கார்டுக்கு ஒரு மாட்யூல் வைத்துக்கொள் என்பது அடுத்த யோசனை. சிறிய நிரலில் நடக்கும். ஆனால் ஹாஸ்கெலில் மாட்யூலுக்குள் மாட்யூல் கிடையாது. ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. ஊழியரில் துறையும், துறையில் தலைவராக ஓர் ஊழியரும் இருந்தால், இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று இறக்குமதி செய்தாக வேண்டும். அதற்கு ஜிஎச்சி கம்பைலரில் தனியாக பூட் கோப்பு எழுத வேண்டும். ஒரு பெயருக்காக இவ்வளவு தேவையில்லை.

புலத்தைப் படிக்கப் புள்ளி வைத்தால் ஃபங்ஷன் இணைப்போடு குழம்பும் என்ற அச்சமும் பழையது. 2021-இல் வந்த ஜிஎச்சி 9.2-இல் ஓவர்லோடட்ரெக்கார்டுடாட் நீட்டிப்பு இருக்கிறது. அதைப் போட்ட கோப்பில், இடைவெளி விடாமல் புள்ளி வைத்தால் புலம். இருபுறமும் இடைவெளி விட்டால் வழக்கமான இணைப்பு. இடைவெளியின்றி இணைப்பு எழுதிய பழைய வரிகளைத் திருத்த வேண்டியிருக்கும், உண்மை. அந்த வேலை ஒரு முறைதான். ஒரே பெயரை இரண்டு ரெக்கார்டில் அறிவிக்க, 2016-இன் 8.0 முதல் டூப்ளிகேட்ரெக்கார்டுஃபீல்ட்ஸ் இருக்கிறது. 9.4-இல் வந்த நோஃபீல்ட்செலக்டர்ஸையும் சேர்த்தால் புலப்பெயர் ஃபங்ஷனாக வெளியே வராது. ‘ஐடி’ என்று புலம் வைத்தால் பிரெலூடின் ‘ஐடி’யோடு மோதும் தொல்லையும் ஒழிகிறது.

ஒரு குறை மட்டும் மிச்சம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படிப்பது எளிதானது போல மாற்றி எழுதுவது இன்னும் எளிதாகவில்லை. இரண்டு ரெக்கார்டுக்கும் பொதுவான ஒரே புலத்தை மட்டும் மாற்றினால் எது என்று கம்பைலர் தடுமாறும். ஓவர்லோடட்ரெக்கார்டுஅப்டேட் இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. மாற்றும் புலங்களில் ஒன்றாவது அந்த ரெக்கார்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாத இடத்தில் அந்த டைப்புக்கென்று ஒரு சிறு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளலாம். அந்தச் சில இடங்களுக்காக எல்லாப் புலத்துக்கும் முன்னொட்டு போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

புதிய திட்டம் தொடங்குபவர்கள் இந்த மூன்று நீட்டிப்புகளையும் கபால் கோப்பிலேயே போட்டுவிடுங்கள். பழைய திட்டம் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு மாட்யூலில் முன்னொட்டை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்து பாருங்கள். ஜேசானுக்காக எழுத்தை வெட்டும் வரியை மட்டும் நீங்களே எடுக்க வேண்டும். விட்டுப்போன மற்ற இடங்களைக் கம்பைலரே வரி எண்ணோடு காட்டும்.