எந்த லீக் என்ற கேள்விக்கு முன்னால்

எந்த ஏட்டில் எழுதுவது, எந்த ஏட்டைப் புறக்கணிப்பது என்ற சர்ச்சை தமிழ் இலக்கிய உலகுக்குப் பழையது. அதில் தீவிரமாக ஈடுபட்டவர்கள் அனைவரும் அதற்கு முன்பே எழுதப் பழகியிருந்தார்கள் என்பதை மட்டும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எழுதிப் பார்க்கவும் எழுதியதைக் கிழித்துப் போடவும் அவர்களுக்கு ஒரு கிளை நூலகமோ கையெழுத்துப் பத்திரிகையோ வாய்த்திருந்தது. இந்தியக் கால்பந்தில் பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் 'எந்த லீக்' என்ற விவாதத்தைக் கவனிக்கும்போது அதே மறதி அங்கும் நிலவுவதைக் காண்கிறோம். விருதுநகரிலும் சிவகாசியிலும் நின்று பார்த்தால் அந்த விவாதம் எப்படித் தோன்றும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. 2007இல் அதன் இடத்துக்கு ஐ-லீக் வந்தது. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய் மதிப்பில் வணிக உரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் விளைவாக 2014இல் எட்டு அணிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. திரைநட்சத்திர உரிமையாளர்கள், ஆட்ட வாழ்வின் அந்தியில் இருந்த ஐரோப்பிய வீரர்கள், தொலைக்காட்சியின் ஒளிவெள்ளம் என்று அது வேறோர் உலகமாக இருந்தது. முதல் மூன்று பருவங்களில் இரு லீக்குகளும் வெவ்வேறு மாதங்களில் நடந்தன. 2017-18 பருவத்தில் இரண்டும் ஒரே காலத்தில் நடக்கத் தொடங்கியபோதுதான் கழகங்களுக்கு முன் அந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது. பெங்களூரு எஃப்சி ஐ-லீக்கை விட்டுப் புதிய லீக்குக்குச் சென்றது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இசைவுடன் வகுக்கப்பட்ட திட்டம் ஐஎஸ்எல்லை நாட்டின் முதல்நிலை லீக் ஆக்கியது. 2020இல் நூறாண்டு கண்ட மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அங்கே போய்ச் சேர்ந்தன.

இந்த இடப்பெயர்ச்சியில் இரண்டு கழகங்களின் கதை நமக்கு முக்கியமானது. 2016-17இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது மிசோரத்தின் ஐசால் எஃப்சி. முந்தைய பருவத்தில் தரமிறக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட எளிய கழகம் அது. பட்டம் வென்ற சில வாரங்களிலேயே, தான் வென்ற லீக் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்படலாம் என்ற செய்தியை அது எதிர்கொள்ள நேர்ந்தது. மற்றொரு கதை நம் மாநிலத்தது. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 2018-19இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2021-22 பருவத்தில் அந்தப் பெயர் லீக்கின் பட்டியலிலேயே இல்லை. ஐ-லீக்கில் முதலிடம் பெற்றால் மேல்நிலைக்குச் செல்லலாம் என்ற விதி 2022-23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2023இல் பஞ்சாப் எஃப்சியும் 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஏறின. சென்னை சிட்டி வென்ற காலத்தில் ஏணியே வைக்கப்பட்டிருக்கவில்லை.

மேலே போனவர்களாவது பத்திரமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. மேற்சொன்ன 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. புதிய ஒப்பந்தம் குறித்துத் தெளிவு பிறக்காத நிலையில், 2025 ஜூலையில் ஐஎஸ்எல் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஆட்டங்கள் அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவில்லை. சில கழகங்கள் வீரர்களின் ஊதியத்தையே நிறுத்திவைத்தன. பிற விளையாட்டுகளிலும் இதே கதைதான். 2007இல் தோன்றிய ஐசிஎல் கிரிக்கெட்டில் சேர்ந்தவர்களை இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஒதுக்கிவைத்தது; 2009இல்தான் அவர்களுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. 2019இல் வந்த புரோ வாலிபால் லீக் ஒரே பருவத்துடன் முடிந்து, 2022இல் வேறு பெயரில் வேறு லீக் வந்தது. உயரே இருப்பது உறுதியானது என்ற நம்பிக்கைக்கு இவை எதுவும் ஆதாரம் தரவில்லை.

பெரியவர்களின் லீக்கில் நடப்பது சிறுவர்களின் வாழ்விலும் இறங்குகிறது. மேல்நிலை லீக்கில் ஆடும் கழகம் உரிம விதிகளின்படி இளையோர் அணிகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வணிகள் ஆடுவதற்குச் சம்மேளனம் வயதுவாரியாக லீக்குகளை நடத்துகிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளை 2022இல் தனியே ஒரு வளர்ச்சி லீக்கைத் தொடங்கியது. கோவாவில் நடந்த அதன் முதற்பருவத்தில் எட்டு அணிகள் ஆடின; அணிக்கு ஏழு ஆட்டங்கள். முதலிரு இடம் பெற்ற அணிகளின் இளைஞர்கள் இங்கிலாந்து சென்று ஆடிவந்தார்கள். பின்னர் அது பல வட்டாரங்களுக்கும் விரிந்தது. இவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. தன்னைவிடத் திறமையானவனோடு மோதும் சிறுவன்தான் வளர்கிறான். நல்ல பயிற்றுநர், மருத்துவர், சமதளமான புல்தரை ஆகியவை பணமும் ஒழுங்கும் உள்ள இடத்தில்தான் கிடைக்கின்றன. இதை மறுப்பவர் விளையாட்டை அறியாதவர்.

ஆனால் எந்த மேல்நிலை லீக் என்பதே முதற்கேள்வியாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா நல்ல சான்று. அந்நாட்டுச் சம்மேளனம் 2007இல் 'டெவலப்மெண்ட் அகாடமி' என்ற இளையோர் லீக்கைத் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் பள்ளி அணிக்கு ஆடக்கூடாது என்றும் பின்னர் விதித்தது. 2009இல் பெண்பிள்ளைகளுக்காக இசிஎன்எல் என்ற லீக் தோன்றியது. 2017இல் அது ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், சம்மேளனம் தன் அகாடமி லீக்கை இழுத்து மூடியது. அவ்வாண்டே எம்எல்எஸ் நெக்ஸ்ட் என்றும் கேர்ள்ஸ் அகாடமி என்றும் புதியவை முளைத்தன. கழகங்கள் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவின. ஆயிரக்கணக்கான டாலர் கட்டணத்துடன் பெற்றோர் பின்தொடர்ந்தார்கள். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தேர்வில் இடமே இல்லை. அவ்வளவு செல்வமுள்ள நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கூலி வாங்கும் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிவகாசிச் சிறுவனுக்கு மாநிலத்தின் ஒரே ஐஎஸ்எல் கழகமான சென்னையின் எஃப்சி ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அவனுக்குக் கைக்கெட்டுவது பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகள்தாம். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகச் செல்லும் அந்தப் போட்டிகளில் தோற்ற அணி வெளியேற வேண்டும். முதல் சுற்றில் தோற்ற பள்ளியின் பிள்ளைகளுக்கு அவ்வாண்டின் கால்பந்து ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. பதின்மூன்று வயதில் ஒன்று, பதினான்கில் ஒன்று, பதினைந்தில் இரண்டு என்று ஆட்டங்களை எண்ணி வளர்கிறவனிடம், எந்த லீக்கைத் தேர்வாய் என்று கேட்பதைவிடக் கொடிய நகைச்சுவை இருக்க முடியாது. லீக் என்ற சொல்லின் உண்மையான பொருளே தோற்றாலும் அடுத்த வாரம் ஆடலாம் என்பதுதான். அந்தப் பொருள் நம் மாவட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மக்கள்தொகை போதாது என்று யாரும் சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி மிசோரம் மாநிலம் முழுவதற்கும் ஏறத்தாழ 11 லட்சம் பேர். விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் 19 லட்சத்துக்கும் மேல். அந்தச் சிறு மாநிலம் 2012இல் மிசோரம் பிரிமியர் லீக்கைத் தொடங்கியது. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி ஆட்டங்களை ஒளிபரப்பியது. உள்ளூர் மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 2014இல் மிசோரம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. அடுத்த மூன்றாண்டுகளில் ஐசால் தேசியப் பட்டத்தையே எடுத்தது. கல்கத்தாவின் நகர லீக் 1898இல் பிறந்தது. நாட்டுக்கென்று ஒரு லீக் வந்ததோ 98 ஆண்டுகள் கழித்து. நம் மாநிலத்திலும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கடற்கரைக் கிராமங்கள் மைக்கேல் சூசைராஜ் போன்ற இந்திய அணி வீரரைத் தந்தன என்றால், ஓயாமல் ஆட்டம் நடக்கும் கடற்கரை மணல்தான் அதற்கு முதற்காரணம். அடித்தளம் எங்கெல்லாம் முதலில் வந்ததோ அங்கெல்லாம் உயரம் பின்னால் வந்திருக்கிறது.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கூர்மையானது. தமிழகப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி 2018-19இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆயினும் அந்த லீக்கின் தேசியச் சுற்று 2022-23 வரை ஏதேனும் ஓர் ஊரில் சில வாரங்களில் நடத்தி முடிக்கப்பட்டது. சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது. ஆண்களுக்கு இரண்டு லீக்குகளுக்கிடையே சண்டை நடந்த காலத்தில், பெண்களுக்கு ஒன்றே முழுமையாக இல்லை. சாதனை மதுரைவரை வந்துவிட்டது. அங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள சிவகாசிப் பள்ளி மாணவி அதைச் செய்தித்தாளில்தான் படிக்கிறாள்.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு இந்த நாடு ஒரு கடன் பட்டிருக்கிறது. விடியுமுன் ஆலைப் பேருந்துகள் கிராமங்களுக்கு வந்து சிறுவர்களை ஏற்றிச் சென்ற காலத்தைக் கரிசல் எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூமணி அதைத் திரைப்படமாகவே எடுத்தார். 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நலநிதிக்குச் செலுத்த வேண்டுமென்றும் குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். பள்ளி முடிந்த பின் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் எஞ்சிய கேள்வி. பெற்றோரின் வருமானமோ நிலையற்றது. பட்டாசு குறித்த 2018 அக்டோபர் தீர்ப்புக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. கூலி நின்ற மாதத்தில் அகாடமிக் கட்டணம் கட்டும் வீடு எது? கட்டணத்தை நம்பி எழும் எந்தக் கட்டமைப்பும் இந்த மண்ணில் அடுத்த நெருக்கடியிலேயே ஆளிழந்துவிடும்.

வழி இல்லாமலில்லை, அது இந்த ஊர்களுக்குப் பழகிய வழிதான். வணிகர்கள் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாகப் பொதுநிதிக்குத் தந்தார்கள். வீடுகள் பிடியரிசி எடுத்து வைத்தன. காமராசர் பயின்ற சத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். அந்த வழக்கம் ஒரு சமூகத்தின் உறவின்முறைக்குள் பிறந்தது. அதை எல்லாச் சமூகத்தவருக்கும் பொதுவாக விரித்துக்கொள்வது இன்றைய கடமை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், அருப்புக்கோட்டை என ஆறு ஊர்கள். ஊருக்கு ஓர் அணி, எதிரணி ஒவ்வொன்றோடும் இரண்டு முறை மோதினால் ஒரு பிள்ளைக்குப் பத்து ஆட்டங்கள். ஒரு வயதுப் பிரிவுக்கு மொத்தம் முப்பதே ஆட்டங்கள். காலையில் புறப்பட்டு ஆடிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். அரசுப் பள்ளி மைதானங்கள் இருக்கின்றன. வேண்டியவை பந்து, சுண்ணாம்புக் கோடு, நடுவருக்குச் சன்மானம், பேருந்துக் கட்டணம், மதியச் சோறு. ஓர் அச்சகமோ தீப்பெட்டி ஆலையோ தன் விளம்பரச் செலவின் ஓரத்திலிருந்து கிள்ளித் தரக்கூடிய தொகைதான். நாட்டுக்கெல்லாம் நாட்காட்டி அச்சிட்டுத் தரும் சிவகாசி, தன் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்ட நாட்காட்டி அச்சிட்டுத் தருவது பெரிய காரியமில்லை.

கபடியும் கைப்பந்தும் ஆடும் மண்ணில் கால்பந்து எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எந்த ஆட்டமானாலும் நமக்குச் சம்மதமே. நாம் வலியுறுத்துவது தோற்றவனுக்கு அடுத்த ஞாயிறு உண்டு என்ற உறுதியை. பத்துப் பருவங்கள் இப்படி ஆடி வளர்ந்த ஊர்களிலிருந்து ஒரு கழகம் எழுந்து வந்து, எந்த லீக்கில் சேர்வது என்று ஒருநாள் கேட்கட்டும். அன்று அந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை எழுதலாம். அதுவரை நம் பெற்றோர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் கல்லூரிகளும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: நம் தெருப் பிள்ளை இந்த ஆண்டு எத்தனை ஆட்டம் ஆடினான், எத்தனை ஆட்டம் ஆடினாள்?