குற்றம் சீட்டிலா, அமைப்பிலா?

பயன் தராத ஒன்றை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைப்பது எளிது. அது பயன் தராமைக்குக் காரணம் யாது எனக் காண்பதே அரிது. இவ்வுண்மையை விளக்க, அமெரிக்காவில் தோன்றிய ஒரு சீட்டு விளையாட்டு நல்ல சான்றாக அமைகின்றது.

கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக் த கேதரிங்’ 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 52 சீட்டுகள் கொண்ட வழக்கமான கட்டு, ஆடுவோர் அனைவர்க்கும் பொது. இவ்விளையாட்டிலோ, ஆயிரக்கணக்கான சீட்டுகளுள் வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து ஒவ்வொருவரும் தம் கட்டினைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். பெரும்பாலான போட்டிகளில் ஒரு கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருடைய சீட்டு நான்கிற்கு மேற்படலாகாது. முறைக்கு ஒரு நிலத்தையே இறக்கலாம். நிலங்கள் தரும் ஆற்றலைச் செலவிட்டே ஏனைய சீட்டுகளைப் பயன்படுத்த இயலும்.

சீட்டு என்றவுடன் பெரியோர் மனத்தில் சூதாட்டம் தோன்றுவது இயல்பே. தொடக்க கால விதிகளில் ஆளுக்கொரு சீட்டைப் பணயமாக வைக்கும் வழக்கம் இருந்ததும், பின்னர் அது போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டதும் உண்மை. உறைக்குள் எந்தச் சீட்டு உள்ளது என அறியாமலே விலைகொடுத்து வாங்கும் குறை இன்றும் உண்டு. ஈண்டு நாம் நோக்குவது, கட்டினைத் திருத்தும் முறை ஒன்றையே.

ஐந்தாறு ஆட்டங்கள் ஆடியபின், ‘இச்சீட்டு உதவவில்லை’ என ஒருவர் முடிவு செய்கின்றார். இம்முடிவு எத்துணை உறுதியானது? 60 சீட்டுகளுள் ஒன்றாக மட்டும் இருக்கும் சீட்டு, தொடக்கத்தில் பெறும் ஏழு சீட்டுகளுக்குள் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டைக்கூட எட்டாது. நான்கு படிகள் வைத்திருந்தாலும், அவற்றுள் ஒன்றேனும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதளவே. கண்ணுக்கே சரிவரத் தென்படாத ஒன்றன்மீது தீர்ப்பு எழுதுதல் முறையாகுமா?

இனி, சீட்டு கைக்கு வந்தும் பயன்படவில்லை எனக் கொள்வோம். ஆறு நிலங்களின் ஆற்றலை வேண்டும் சீட்டு அது. கட்டிலோ 20 நிலங்களே உள்ளன. முதலில் ஆடுபவர் தம் ஆறாம் முறையை அடையும்போது 12 சீட்டுகளைக் கண்டிருப்பார். அவற்றுள் நிலங்கள் சராசரியாக நான்கே. எனவே அச்சீட்டு கையிலேயே உறங்குகின்றது. அதனை எடுத்துவிட்டு அதே விலையுடைய வேறொன்றை வைத்தால் அதுவும் உறங்கும். குற்றம் சீட்டில் இல்லை; அமைப்பில் உள்ளது.

இவ்விளையாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1995-இல் ‘ஐஸ் ஏஜ்’ தொகுப்பில் ‘நெக்ரோபொட்டன்ஸ்’ என்னும் சீட்டு வந்தது. உயிர்ப்புள்ளி ஒன்றை இழந்தால் ஒரு சீட்டைப் பெறலாம் என்பது அதன் தன்மை. தன் உயிரைத் தானே குறைத்துக்கொள்வதா எனப் பலர் அதனை எள்ளினர். அதற்கேற்ற கட்டு அமைந்தபோது, 1996-இல் போட்டிகளையே அது ஆட்டிப்படைத்தது. அதே ஆண்டில் அட்லாண்டாவில் நடந்த தகுதிச் சுற்றில் பால் ஸ்லை என்பவர் ஒரு கட்டினைக் கொண்டுவந்தார். அதனை வகுத்தவர் ஜே ஷ்னைடர். ‘அயர்ன்கிளா ஆர்க்ஸ்’ போன்ற, பிறர் இகழ்ந்து ஒதுக்கிய சீட்டுகள் அதில் இடம்பெற்றிருந்தன. ஒவ்வொரு முறையிலும் அம்முறைக்குரிய ஆற்றல் வீணாகாதவாறு சீட்டுகளின் விலையை வரிசைப்படுத்தியமையே அதன் வலிமை. தனித்து நின்றபோது எளியனவாய்த் தோன்றியவை, இடமறிந்து வைத்தபோது வென்றன.

அவ்வாறாயின் எதனையும் நீக்கலாகாதா எனின், அன்று. நீக்கித்தான் ஆகவேண்டும், 60 இடங்களே உள்ளன. அரியது, விலை மிக்கது, படம் அழகியது என்பதற்காக ஒரு சீட்டை வைத்திருப்பது பற்றேயன்றி மதியன்று. முன்னரே வெல்லும் நிலையில் மட்டும் உதவி, இக்கட்டில் கைவிடும் சீட்டும் விலக்கத்தக்கதே. ஆயின் நீக்குதற்கும் ஒழுங்கு உண்டு. ஒரே வேளையில் பத்தினை மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என அறியவியலாது. ஒன்றிரண்டை மாற்றுக, பல ஆட்டங்கள் ஆடுக, வென்றதையும் தோற்றதையும் காரணத்துடன் குறித்துவைக்க. வென்றவர் கட்டினை அப்படியே படியெடுப்போர்க்கு வெற்றி கிட்டலாம். அதன் காரணம் கிட்டாது. களம் மாறும்போது அவர்கள் திகைத்து நிற்பர்.

மாணவர் சீட்டல்லர், ஒருவரை நீக்கி மற்றொருவரை வைக்கும் உரிமை ஆசிரியர்க்கும் இல்லை, பெற்றோர்க்கும் இல்லை. எனினும், ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கண்டு ‘இவனுக்குப் படிப்பு வாராது’ என உரைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு உரைக்குமுன், அவனுக்கு வேண்டிய நிலத்தை நாம் அமைத்துக் கொடுத்தோமா எனக் கேட்டல் வேண்டும். ஒரு விளையாட்டில் ஒரு தாளுக்குக் காட்டும் பொறுமையை, நம் வீட்டுப் பிள்ளைக்கும் வகுப்பு மாணவர்க்கும் காட்டலாகாதா?