பெயரில்லாத படங்கள் பேசுமா?

கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கும்போதோ, போகிக்கு முந்தின வாரமோ நம் வீடுகளில் பரண் இறங்கும். ஓட்டைக் குடம், கிழிந்த பாய், மூடியில்லாத டப்பா ஆகியவற்றோடு துணிப்பையில் சுற்றிய பழைய புகைப்படங்களும் இறங்கும். கோட்டு அணிந்த ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு பெண்மணி விறைப்பாக நின்றிருப்பார். ஓரத்தில் ஒரு பூந்தொட்டி. "பாட்டி, இவர் யார்?" என்று கேட்டால், பாட்டி படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தா வழியில யாரோ!" என்பார். 'யாரோ' ஆகிவிட்டவருக்கு மறுபடியும் பரணில் இடம் கிடைப்பது அரிது. கரையானுக்குப் பாதி, பழைய பேப்பர்காரருக்குப் பாதி என்று அவர் கதை முடிந்துவிடும்.

பழைய படங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது போதாது என்பது எங்கள் கருத்து. படத்தைச் சேர்ப்பவர் பெயரையும் சேர்க்க வேண்டும். இந்த எண்ணம் எங்களுக்குத் தருமபுரியில் தோன்றவில்லை. கொச்சியில், மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் தோன்றியது.

எங்கள் வரலாற்று மன்றத்தினர் அருட்சகோதரி ஒருவரின் துணையோடு அங்குச் சுற்றுலா சென்றிருந்தோம். ஏலக்காய் மணமும் இஞ்சி மணமும் வீசும் அத்தெருவில் இன்று பழம்பொருள் கடைகளே மிகுதி. ஒரு கடையில் பழைய அஞ்சலட்டைகளைத் தட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தோம். நீண்ட அங்கி அணிந்த ஆண்கள் சிலர், தலையில் துணியிட்ட பெண்கள் சிலர், தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுமி. அடியில், 'கொச்சியின் கறுப்பு யூதர்கள்' என்று பொருள்படும் ஆங்கில வாசகம். அவ்வளவுதான். விலையைக் கடைக்காரர் உடனே சொன்னார். "அந்தச் சிறுமியின் பெயர் என்ன?" என்று எங்கள் சிஸ்டர் கேட்டார். கடைக்காரர் சிரித்தார். நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

யார் இந்த மக்கள்? ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு பொறித்துத் தந்தான். அதன் எழுத்து வட்டெழுத்து. பின்னர் கொடுங்கல்லூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே இடம் கொடுத்தார். 1568-இல் அங்குப் பரதேசி தொழுகைக்கூடம் எழுந்தது. கோயில், அரண்மனை, யூதர் தொழுகைக்கூடம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கும் காட்சியை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

இங்கே கத்தோலிக்கர்களாகிய நாம் ஒன்றை மறைக்கக் கூடாது. 1662-இல் அத்தொழுகைக்கூடத்தைச் சூறையாடித் தீயிட்டவர்கள் போர்த்துக்கீசியர். நம் மறையைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டே கொச்சி டச்சுக்காரர் வசமாயிற்று. கூடமும் மீண்டும் எழுந்தது. 1760-இல் மணிக்கூண்டும், 1762-இல் நீல வண்ணச் சீன ஓடுகளும் வந்து சேர்ந்தன. 1968-இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். இந்திய அரசு தபால் தலையும் வெளியிட்டது.

ஆனால் அந்த விழாவுக்கு முன்பே மக்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானபின், 1950-களில் கேரளத்து யூதர்கள் ஊர் ஊராக அங்குக் குடிபெயர்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட சிலருள் ஒருவரான சாரா கோஹென் அம்மையார், தம் வீட்டு முன்னறையில் பூவேலைத் துணிகள் விற்று வாழ்ந்து, 2019-இல் தம் 96-ஆம் வயதில் காலமானார். அவருடைய கடையைக் கண்போல் காத்து வருபவர், அவர் மகனைப் போல் நேசித்த ஓர் இசுலாமிய அன்பர். 2024-இல் குவீனி ஹலேகுவா அம்மையாரும் மறைந்தார். தெருவுக்கு யூதர் பெயர் இருக்கிறது. தெருவில் யூதக் குடும்பங்கள் இல்லை. எஞ்சி நிற்பவை கல்லறைகளும் கட்டடங்களும் படங்களும்தாம்.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைப்பதும் தவறு. அத்தொழுகைக்கூடத்தின் கண்ணாடி விளக்குகளையும் பித்தளை மேடையையும் காட்டும் படங்கள் ஏராளம். அந்த அழகான கூடத்தில் எல்லோரும் சமமாக அமர முடிந்ததா? விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்கு உள்ளே உரிய இடம் மறுக்கப்பட்டது. அவர்களுள் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம் (1882–1967), நம் அண்டை நகரின் பெயரையே ஒத்த பெயருடையவர், காந்தியடிகளின் வழியில் அத்தொழுகைக்கூடத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று அவரை அழைத்தார்கள். காலப்போக்கில் அந்தத் தடைகள் தளர்ந்தன. 'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்று அட்டையின் அடியில் அச்சிட்டு விற்ற வியாபாரிக்கு இந்தக் கண்ணீர்க் கதை தெரியாது. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு வகை. ஒரு மனிதர் அல்லர்.

இன்று உலகெங்கும் பலர் யூதர் வாழ்வைக் காட்டும் பழைய படங்களையும் அஞ்சலட்டைகளையும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். காரணம் துயரமானது. இரண்டாம் உலகப் போரின்போது இட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றது. குடும்பங்களோடு அவர்களுடைய ஆல்பங்களும் அழிந்தன. பலவேளைகளில் தப்பிப் பிழைத்தவை, தொலைதூர உறவினர்களுக்குத் தபாலில் அனுப்பிய படங்களும் புத்தாண்டு வாழ்த்து அட்டைகளுமே. கொடுத்தது தங்கியது, வைத்திருந்தது அழிந்தது.

இன்று லித்துவேனியாவில் உள்ள எய்ஷிஷோக் என்னும் சிற்றூரின் யூதர்கள் 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் கொல்லப்பட்டார்கள். அவ்வூரில் புகைப்படம் எடுத்து வந்த ஒரு குடும்பத்தின் பேத்தி யாபா எலியாக் குழந்தையாகத் தப்பினார். வளர்ந்து வரலாற்றுப் பேராசிரியையான அவர், பல நாடுகளில் சிதறிக் கிடந்த ஊராரின் உறவினர்களைத் தேடிச் சென்று, ஏறத்தாழ 6,000 படங்களைத் திரட்டினார். படத்தை மட்டும் வாங்கி வரவில்லை. படத்தில் இருப்பவர் யார், யாருடைய மகள், என்ன ஆனார் என்றெல்லாம் கேட்டு எழுதினார். 1993-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தில் அப்படங்களுள் பல ஒரு கோபுரமாகவே உயர்ந்து நிற்கின்றன. எருசலேமில் 1953-இல் நிறுவப்பட்ட நினைவகத்தின் பெயர் யாத் வாஷெம். நினைவிடமும் பெயரும் என்பது அதன் பொருள். இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே அதன் தலையாய பணி.

பெயரும் கதையும் வேண்டும் என்பதற்காக நாமே ஒன்றைக் கட்டிவிடலாகாது. 1930-களில் கிழக்கு ஐரோப்பாவின் ஏழை யூதர்களைப் படமெடுத்த ரோமன் விஷ்னியாக் உலகப் புகழ் பெற்றவர். பின்னாளில் அவருடைய படங்களை ஆராய்ந்தவர்கள், சில படங்களுக்கு அவர் சொன்ன கதைகள் உண்மையோடு பொருந்தவில்லை என்று கண்டார்கள். ஆகவே தெரிந்ததை எழுத வேண்டும். தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுத வேண்டும். அதுவும் ஒரு நேர்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூதர்களைக் கேலி செய்து, அருவருப்பாக வரைந்து அச்சிட்ட அஞ்சலட்டைகளும் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மலிவாக விற்றன. அவற்றை நலம் விசாரித்து எழுதி அனுப்பியவர்களில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேரோ! இயேசுவும் மரியன்னையும் புனித சூசையப்பரும் யூத குலத்தில் தோன்றியவர்கள் என்பதை மறந்த கரங்கள் அவை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்மீதான பகைமையை வெளிப்படையாகக் கண்டித்தது. அத்தகைய அட்டைகளை அருங்காட்சியகம் பாடமாக வைத்திருக்கலாம். வீட்டு ஆல்பத்தில் வேடிக்கைப் பொருளாக வைக்கலாகாது.

"தருமபுரியில் யூதர் எவரும் இல்லையே, இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று தோழியர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விடை நம் ஊர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. அங்குள்ள நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போரிட்டு மடிந்த வீரனைக் கல்லில் செதுக்கிய நம் முன்னோர், உருவத்தோடு நின்றுவிடவில்லை. எந்த மன்னனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, இறந்தவன் யார் என்று பல கற்களில் பக்கத்திலேயே பொறித்தார்கள். அந்த எழுத்தும் பெரும்பாலும் வட்டெழுத்தே. யோசேப்பு இரப்பானின் செப்பேட்டில் உள்ள அதே வட்டெழுத்து! மாடு மீட்ட ஓர் எளிய வீரனின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் நமக்குத் தெரிகிறது. நூறாண்டுக்கு முன் படமெடுக்கப்பட்ட கொச்சிச் சிறுமியின் பெயர் தெரியவில்லை. உளி பிடித்தவர்களுக்கு இருந்த அக்கறை கேமரா பிடித்தவர்களுக்கு இல்லாமற் போனதே!

அன்னையரும் அருட்சகோதரிகளும் மகிழத்தக்க ஒரு செய்தியும் உண்டு. போர் முடிந்த 1945-இல், ஜெர்மனியின் இண்டர்ஸ்டோர்ப் என்னும் ஊரில் ஒரு பழைய மடத்தில், பெற்றோரை இழந்த யூதப் பிள்ளைகளையும் பிற நாட்டுப் பிள்ளைகளையும் ஐக்கிய நாடுகளின் உதவிக் குழுவினர் சேர்த்து வைத்தார்கள். கன்னியர் உடனிருந்து பணி செய்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதன் பெயரை எழுதிய பலகையைக் கொடுத்துப் படமெடுத்தார்கள். எங்கேயாவது ஒரு சித்தப்பாவோ அக்காவோ உயிரோடிருந்தால் கண்டுகொள்ளட்டும் என்பதே நோக்கம். அனாதைக் குழந்தைக்கு அந்தப் பலகையே அன்று சொத்து.

ஆகவே மாணவத் தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்வோம். பாட்டியின் அருகில் அமர்ந்து, பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்போம். இடமிருந்து வலமாகப் பெயர், உறவு, ஊர், தெரிந்தால் ஆண்டு. இவற்றைப் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுவோம். பேனா மை ஊறி முன்பக்கம் வரும். கோந்தும் செல்லோடேப்பும் படத்தைத் தின்னும். லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்க முடியாது. கைப்பேசியில் பிரதி எடுத்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுக்க வேண்டும். கடையில் பழைய படம் வாங்குபவர்கள், "விலை என்ன?" என்று கேட்பதற்கு முன் "யார் வீட்டுப் படம்?" என்று கேட்டுப் பழகட்டும். பெற்றோர்களே, பாட்டிமாருக்கு நினைவு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு இந்த நேரத்தைக் கொடுங்கள். நினைவு போனபின் படம் இருந்தும் பயனில்லை.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. கொச்சியிலிருந்து திரும்பியதும் எங்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினோம். குழுப் படங்களின் கீழே, அமர்ந்திருக்கும் விருந்தினர், தலைமையாசிரியை, ஆசிரியைகள் ஆகியோரின் பெயர்கள் இருந்தன. நிற்கும் மாணவியர் 'ஆறாம் வகுப்பினர்' ஆகியிருந்தார்கள். 1980-களின் படங்கள் பலவற்றில் வலக்கோடியில், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேமராவைப் பார்க்கலாமா கூடாதா என்று தயங்கியபடி ஓர் அம்மா நிற்கிறார். மணியடித்து, வகுப்பறை பெருக்கி, அழுத குழந்தைகளைத் தூக்கி வைத்திருந்த ஆயா அவர். எந்த மலரிலும் அவர் பெயர் இல்லை. இப்போது பள்ளியில் இருப்போர் எவருக்கும் தெரியவில்லை. மட்டாஞ்சேரிக் கடைக்காரரைப் பார்த்து வருந்திய நாங்கள், எங்கள் வீட்டுத் தட்டிலேயே அதே அஞ்சலட்டையைக் கண்டோம்.

இந்த ஆண்டு மலரின் குழுப் படங்களில் எல்லோருடைய பெயரும், சமையல் அம்மா, ஆயா, காவலர் பெயர்கள் உட்பட, அச்சாக வேண்டும் என்று பள்ளி நிர்வாகத்தைப் பணிவோடு கேட்டிருக்கிறோம். 1980-களில் இங்குப் படித்த அன்னையரே, அந்த ஆயாவின் பெயர் உங்களில் யாருக்கேனும் நினைவிருந்தால், தயவுசெய்து பள்ளிக்கு எழுதி அனுப்புங்கள். பென்சில் தயாராக இருக்கிறது.